நிலாவுக்காக நேர்ந்த மொட்டை

காலையில் திருத்தணியில் ரயில் ஏறியதும் ஜன்னலோரம் எனக்கு, பக்கத்து இடம் என் சாப்பாட்டுப் பைக்கு. மணவூரில் ஏறுகிற அக்காவுக்குப் போட்டுவைக்கிற இடம் அது. யாராவது உட்கார வந்தால், "ஆள் வர்றாங்க" என்று முறைப்பேன். முறைப்பில் ஆண்டவன் எனக்குக் குறை வைக்கவில்லை. சாயங்காலம் அவள் அம்பத்தூரில் தையல் வேலை முடித்து முன்னாலேயே ஏறிவிடுவாள். ஆவடி மருந்துக்கடையில் நின்று நின்று கால் வீங்கி வருகிற எனக்கு இடம் தயாராக இருக்கும். கூடப்பிறந்தவள் இல்லை, ரயிலில் கிடைத்த அக்கா. எங்களுக்குள் சண்டை என்று வந்தது ஒரே விஷயத்துக்குத்தான். மனுஷன் நிலாவுக்குப் போனானா, இல்லையா?

நம்ம நாட்டு லேண்டர் நிலாவில் இறங்கிய சாயங்காலம் அது ஆரம்பித்தது. லேடீஸ் பெட்டியே ஒரு போனைச் சுற்றி நின்று கை தட்டியது. அக்காவும் தட்டினாள். தட்டிவிட்டு, "மெஷின் போச்சு, சரி. ஆளுங்க போய் நடந்தாங்கன்றாங்களே, அதெல்லாம் செட்டு போட்டு எடுத்தது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிடித்த ஒரே பாடம் அது.

"காத்தே இல்லாத எடத்துல அவனுங்க நட்ட கொடி எப்பிடிடி ஆடும்?"

"மேல கம்பி சொருகித் தெச்ச கொடிக்கா. நீயே தையக்காரி, உனக்குத் தெரியாதா?"

அவளா விடுவாள்? மறுநாள் பெட்டியில் எங்கள் ஊர் முருகன் மலைக்குப் போய்த் திரும்புகிற ஒரு குடும்பத்துப் பெண்களும் பிள்ளைகளும், எல்லா மொட்டைத் தலையிலும் சந்தனம். "இதோ பாரு. இவுங்க மலைக்குப் போனாங்களான்னு யாருனா கேக்கப் போறாங்களா? மண்டையே சொல்லுது. நெலாவுக்குப் போனவன் இன்னாத்தக் காட்டுறான்?"

"கல்லு கொண்டாந்தாங்க."

"கல்லா! எங்கூரு ஏரிக்கரையில இல்லாத கல்லு!"

பெட்டியே சிரித்தது. திருவள்ளூர் வரை நான் அவளோடு பேசவில்லை. கடைசியில் அவளே தோளில் இடித்தாள். "மூஞ்சத் தூக்கி வெச்சுக்காத. அந்தக் கல்ல நான் தொட்டுப் பாத்து, நெசம்னு என் மனசுக்குப் பட்டா, உங்க மலைக்கு வந்து மொட்ட அடிச்சுக்கறேன். முருகன் மேல ஆண, போதுமா?" இடுப்பு வரை பின்னல் அவளுக்கு.

பிறகு அக்கா, அமெரிக்காவில் இருக்கிற மகளின் பிரசவத்துக்குக் கிளம்பினாள். "போறதே போற, அந்தக் கல்லத் தொட்டுட்டு வா" என்றேன். அழுகையை மறைக்க வேறு பேச்சு கிடைக்கவில்லை. ஆறு மாதம் என்று போனவள் வருஷம் தாண்டியும் வரவில்லை. மணவூர் வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று என்று செய்தி மட்டும் வந்தது. நான் பையைப் போட்டுக்கொண்டேதான் இருந்தேன். மணவூரில் ரயில் நின்றால் கழுத்து தானாகப் பிளாட்பாரம் பக்கம் திரும்பும். ஐயோ, எப்படி ஏங்கினேன்!

எனக்குத் தெரிந்தது ஒரே வழி. அவள் நம்பினால் வந்தாக வேண்டும். முருகனுக்குச் சொன்ன சொல்லை மீறுகிறவள் இல்லை. மியூசியத்தில் எல்லோரும் தொட்டுப் பார்க்கவே ஒரு துண்டு வைத்திருக்கிறார்களாம், போய்ப் பாருக்கா என்று போனில் நச்சரித்தேன்.

போன வாரம், மணவூர் வருவதற்குச் சற்று முன்னால், வீடியோவில் வந்தாள்.

"தொட்டுட்டேன்டி. இத்துனூண்டு. எல்லார் கையும் பட்டு வழவழன்னு கீது."

"நம்புறியா?"

அவள் தோளில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தது. பின்னல் நுனியைக் கைக்குள் பிடித்திருந்தது.

"நம்பிட்டா வந்தாகணுமேடி." "விசாவுல சிக்கல், இப்ப வெளிய கெளம்புனா திரும்ப இந்த நாட்டுக்குள்ள வர வுடமாட்டாங்களாம். இத வுட்டுட்டு நான் எப்பிடி வருவேன்? தெய்வத்துக்குச் சொன்ன சொல்லு வேற. நீயே சொல்லு, இன்னா பண்ணட்டும்?"

கொடி, கம்பி, கல் என்று நான் வாதாடியதெல்லாம் நெஞ்சில் வந்து முட்டியது. ரயில் மணவூரில் நின்றது. ஏறிய ஒரு பெண் என் பையைப் பார்த்து, "ஆள் வர்றாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, உக்காருங்க." பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"போக்கா" என்றேன் போனில். "நீ சொன்னதுதான் சரி. நெலாவுக்கு யாரும் போகல. எல்லாம் செட்டு."