தண்ணீர் வரிசைப் படம்

என் வீட்டுக்காரிக்கு மருத்துவமனையில் பதிவேடு எழுதுகிற வேலை. போர் வந்து குழாயில் காற்று மட்டும் வரத் தொடங்கியபின் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரிதான் கதி. வரிசையில் நிற்கிற நேரத்தில் அவள் நீர்வண்ணப் படம் போட்டாள். தூரிகை கழுவவே ஒரு குவளைத் தண்ணீர் போய்விடும்.

"குடிக்கவே இல்ல, உனக்குப் படம் கேக்குதா?" என்று வள்ளென்று விழுவேன். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

ஆனால் படம் என்றால் அது படம். ஒரு மாத உழைப்பு. குண்டு அதிர்வில் சிதறாமலிருக்க ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய காகிதப் பட்டைகள், வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து ஊர்வம்பு பேசும் பெண்கள், என் தொப்பை, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

எங்கள் வரிசையில் ஆள் இல்லாவிட்டாலும் வாளி இருந்தால் இடம் உண்டு. ரயில் நிலையத்தில் குண்டு விழுந்த நாளிலிருந்து செருப்புக் கடைக்காரரைக் காணோம். அவர் மனைவி தினமும் தன் வாளிக்கு முன்னால் அவருடைய நீல வாளியையும் வைப்பாள். நாங்களும் முணுமுணுக்காமல் நகர்த்திவிடுவோம். படத்திலும் அது ஆளில்லாமல் நின்றது.

ஒரு நாள் காலை, இரவு வேலை முடிந்து நேராக வரிசைக்கு வந்த என் வீட்டுக்காரி என் காதோரம் சொன்னாள்: "அவர் பேரு இறந்தவங்க ஏட்டுல ஏறிடுச்சுங்க. தண்ணி பிடிச்சதும் அக்காவை வீட்டுக்குக் கூட்டிப்போய் நானே சொல்றேன்."

அந்த நேரம் பார்த்தா ரோந்து அதிகாரி வரவேண்டும்? அவள் கையிலிருந்த படத்தை வெடுக்கென்று பிடுங்கி, அதிலிருந்த நீல வாளிமேல் விரலை வைத்தார்.

"எல்லா வாளிக்கும் ஆள் இருக்கு, இதுக்கு மட்டும் ஏன் இல்ல? யாருக்கு அடையாளம் காட்டுற?"

"செருப்புக் கடைக்காரரோட வாளிங்க."

"ஆள் எங்கே? சொன்னா படம் உன்னுது. இல்லன்னா கிழிச்சிடுவேன்."

இரண்டடி தள்ளி நின்ற செருப்புக் கடைக்காரர் மனைவி இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரி என் கையில் நகம் பதிய அழுத்தினாள்.

"இன்னும் வரலீங்க," என்றாள் அதிகாரியிடம். "கிழிச்சுக்கோங்க."

நான்காகக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார். அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. தண்ணீர் பிடித்து முடித்ததும், "வாங்கக்கா, வீட்டுக்குப் போலாம்," என்று அந்த அம்மாவின் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நான் வாளிகளோடு வாசலில் நின்றேன். இவளோடு குடித்தனம் நடத்த நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும். உள்ளே அந்த அம்மா வீறிட்டாள்.

"நான் இருக்கேன்க்கா. எங்கயும் போகல. அழுங்க," என்றது என் வீட்டுக்காரியின் குரல்.