பெர்த்துக்குப் போன படம்

பள்ளிக்கூட அடையாள அட்டைக்காகப் பேத்தியைப் பெருங்களத்தூரில் ஒரு ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போயிருந்தேன். கம்ப்யூட்டரில் அவள் முகத்தைப் பெரிதாக்கிய பையன், "பாப்பா கலர கொஞ்சம் ஏத்திடவா சார்?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள், "எங்கம்மா கலர் வர்ற வரைக்கும் ஏத்துங்கண்ணா" என்றாள் அவள். என் மருமகன் கென்யாக்காரர். அவளுக்கு வயது ஆறு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் எட்டுப் படங்களை எண்ணி வாங்கும்போது இரண்டு தடவை தப்பு வந்தது. எனக்கு எண்ணிக்கையில் தப்பு வருவதில்லை.

அந்தக் காலத்தில் போட்டோக்காரர் வீட்டுக்கே வருவார். காமிராவை மூடும் கறுப்புத் துணியில் வியர்வையும் பீடியும் கலந்த வாடை அடிக்கும். ஏசி போட்ட ஸ்டுடியோவில் அந்த வாடை எப்படித்தான் என் மூக்கில் ஏறியதோ, கூடவே பழைய பக்கத்து வீட்டுக் குழந்தை ஷெரிலும் நினைவில் வந்துவிட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் அண்ணன் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டு ராபி எஞ்சின் டிரைவர், ஆங்கிலோ இந்தியர். மனைவி, நான்கு பிள்ளைகள். மூன்று பேர் வெளுப்பு. ஷெரில் மட்டும் என் நிறம். நல்ல கறுப்பு என்று அர்த்தம். பெர்த்தில் இருந்த ராபியின் அண்ணன், எல்லோரையும் ஆஸ்திரேலியாவுக்கு வரவழைத்துக்கொள்கிறேன், குடும்பப் படம் ஒன்று அனுப்பு என்று எழுதியிருந்தார். கிறிஸ்துமஸ் கேக் தின்ன வந்தவர்கள் ஷெரிலைச் சீண்டினார்கள். "இவ தமிழ்ப் பொண்ணு. இங்கயே விட்டுட்டுப் போங்க, வெள்ளக்காரன் சேத்துக்க மாட்டான்." ஐந்து வயது ஷெரிலும் சேர்ந்து சிரித்தாள்.

படம் எடுத்த அன்று வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தேன். வழக்கம்போல எண்ணினேன். ஆறு பேர் இருக்க வேண்டும், ஐந்துதான் இருந்தார்கள். திரும்பினால், புது கவுனோடு எங்கள் வாசற்படியில் ஷெரில்.

"நான் நின்னா பெர்த்ல யாரையும் எடுத்துக்க மாட்டாங்க அங்கிள். நான் ஒங்க வீட்லயே இருந்துடறேன். நீ சோறு போடுவியா?"

அவள் அழவில்லை. முடிவெடுத்துவிட்ட பெரிய மனுஷி போலக் கேட்டாள்.

தேடி வந்த ராபி அதைக் கேட்டுவிட்டார். அவளைத் தூக்கிக்கொண்டு போய் நட்டநடுவில் நிறுத்தினார். ஷெரில் கண்களை இறுக மூடிக்கொண்டாள். மூன்று முறை எடுத்தும் திறக்கவில்லை. அந்தப் படத்தையே அனுப்பினார்.

ஆறு பேரும் பெர்த்துக்குக் குடிபோனார்கள். குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள், அங்கே இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். ராபி எனக்குக் கொடுத்த பிரதி என் முடிச்சூர் வீட்டில் வெகுநாள் இருந்தது. 2015 மழையில் வீட்டுக்குள் புகுந்த வெள்ளம் வடிந்த பிறகு சேற்றிலிருந்து எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். ஆறு பேரும் ஒரே நிறமாக இருந்தார்கள். யார் எவரென்று என்னால் சொல்ல முடியவில்லை.