பெட்டி மேல் ஜெபிஷா

விண்ணிலிருந்து வரும் காமாக் கதிரைத் தரையில் நின்று பார்க்க முடியாது. வருகிற வழியிலேயே காற்று அதைக் குடித்துவிடும். அதற்காகத்தான் செயற்கைக்கோளை மேலே ஏற்றிவிடுகிறார்கள். சாத்தூர் நர்ஸ் தேவமணியின் மகள் ஜெபிஷா, அப்படி ஒரு செயற்கைக்கோள் அனுப்பிய தரவுகளில் வருடக்கணக்காய்க் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். ஒருநாள், யாரும் காணாத ஒரு ஒளிப்புள்ளி அவளுக்குத் தட்டுப்பட்டது.

சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி நடத்தும் தாய்மாமன் தேவாசீர்வாதத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆய்விதழுக்கு அனுப்பிய அவள் கட்டுரை அச்சேறுமுன் அவர் லேபிள் அச்சேறிவிட்டது. புஸ்வாணப் பெட்டி மேல் அவள் படம். கீழே, ‘புது நட்சத்திரம் கண்ட நம்ம ஊர்ப் பொண்ணு’.

மறுபடி சரிபார்த்தபோதுதான் அவளுக்குத் தவறு தெரிந்தது. விண்வெளித் துகள்கள் வந்து மோதும்போது பூமியின் மேல்காற்றும் காமாக் கதிரை உமிழும். கருவி பூமியின் விளிம்புப் பக்கம் சாயும் நேரத்தில் வந்ததையெல்லாம் கழித்துவிட வேண்டும். அவள் கழித்தது போதவில்லை. ஒழுங்காய்க் கழித்ததும் நட்சத்திரம் காணாமல் போனது. கட்டுரையை அவளே திரும்பப் பெற்றுக்கொண்டு, மாமாவிடம் ஓடினாள்.

“பெட்டிய நிப்பாட்டுங்க மாமா. அது நட்சத்திரம் இல்ல, நம்ம காத்து.”

“காத்தா? லோடு போயிருச்சே தாயி. புஸ்வாணம் வைக்கிறவன் எவன் வானத்தப் பாக்கான்?”

“கல்லூரி வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன் மாமா. பொய்க்காரின்னு நெனைப்பாக.”

“எம்புட்டுப் படிச்சிருந்தாலும் அம்புட்டுப் பேரும் பட்டாசு வெடிக்கிறவந்தான். போ, போ.”

தீபாவளி முடிந்து நேர்முகத் தேர்வு. கேள்விகளுக்கெல்லாம் அவள் தடுமாறாமல்தான் பதில் சொன்னாள். கடைசியில், நடுவில் இருந்த பெரியவர் பைக்குள்ளிருந்து நசுங்கிய ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

“என் பேரன் கொளுத்தினது. இது நீங்கதானே?”

“ஆமா சார். அது தப்புன்னு நானே எழுதிக் கட்டுரையத் திரும்ப வாங்கிட்டேன்.”

“பெட்டியில அப்படி எழுதலியேம்மா.”

பக்கத்திலிருந்தவர் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை எடுத்தார். பெரியவர் அடுத்தவரின் விண்ணப்பத்தைப் புரட்டினார். கதவை அவளே சாத்திவிட்டு வந்தாள்.

வீட்டில் மாமா இனிப்போடு காத்திருந்தார். அவள் முகத்தை அவர் பார்க்கவேயில்லை.

“வா தாயி! உன் பெட்டிக்குத்தான் ஆர்டர் குவியுது. அடுத்த சீசனுக்கு வேற போட்டோ குடு. இதுல ரொம்ப உம்முனு இருக்க.”