சுவரில் செத்துப்போன அக்காவோடு கடலூருக்கு

இந்தப் பயணத்துக்குக் காரணம் வாட்ஸாப்பில் நண்பன் அனுப்பிய ஒரு படம். கடலூரில் தேவனாம்பட்டினம் போகும் சாலையில், ஒரு பழைய குடோன் சுவரில் திருநங்கைகளே வரைந்த ஓவியம். அதன் இடது கோடியில் என் அக்கா செண்பகாவின் முகம். நெற்றியில் சந்தனப் பொட்டு, பக்கத்தில் ஏற்றிய குத்துவிளக்கு. இறந்தவர்களுக்கான பகுதி அது. அக்காவோ புனேயில் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். படத்தை அனுப்பினேன்.

"டேய், நான் செத்துட்டனாம்டா! நல்லாத்தான் வரைஞ்சிருக்காளுங்க, மூக்குதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று போனில் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அழுதாள்.

அக்கா திருநங்கை. சிதம்பரத்தில் எங்கள் வீட்டைவிட்டு வெளியேறியபோது அவளை மகளாக ஏற்றுக்கொண்டவர் கடலூர் ருக்கு அம்மா. அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஊரில் பிழைத்தாலும் சித்திரையில் கூவாகம் திருவிழாவுக்கு வந்து அம்மாவைப் பார்த்துவிட வேண்டும். புனேக்கு வேலைக்குப் போவதில் அம்மாவோடு சண்டை போட்டுக் கிளம்பிய அக்கா ஆறு வருடமாக வரவில்லை. நம்பரையும் மாற்றிவிட்டாள். நடுவில் கொரோனா வேறு. ஆறு சித்திரைக்கு வராத மகள் உயிரோடு இருக்க மாட்டாள் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார்.

முதலில் போன் பண்ணிச் சொல்லலாமே என்றேன். "செத்தவ போன் பண்ணா அம்மாவுக்கு ஹார்ட்டு நின்னுடும்டா. நேர்லயே போறேன்" என்றாள். அம்மா அடித்தாலும் திட்டினாலும் தாங்கிக்கொள்வாளாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது என்பதுதான் அவள் பயம்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை சிதம்பரத்தில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மறுநாள் காலை 6.45க்கு, ரயில் நிலையம் பக்கத்துச் சந்தில் கடலூர் ஓவியத்தை வரைந்த அதே திருநங்கைகள் குழு வரைந்திருக்கும் சின்னச் சுவரை முதலில் பார்த்தோம். நர்ஸ், போலீஸ், ஆட்டோ ஓட்டுநர், பிரியாணி மாஸ்டர் என்று நான்கு திருநங்கைகள், நால்வரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். காலை வெயில் நேராக விழுவதால் படமெடுக்க அதுதான் சரியான நேரம்.

7.30க்குப் பேருந்து. கடலூருக்கு 45 கிலோமீட்டர், டிக்கெட் நாற்பது ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டும்வரை பேசிக்கொண்டே வந்தவள், ரசாயன ஆலைகள் இருக்கும் குடிகாடு வந்ததும் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். ரசாயன நெடிக்கு மூக்கைப் பொத்தியிருக்கிறாள் என்று நினைத்தேன். பார்த்தால் கண்ணையும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கடலூர் பேருந்து நிலையத்திலிருந்து சுவருக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூறு ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் அக்காவையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஒங்கள எங்கியோ பாத்த மாதிரி இருக்கே?"

"செவுத்துல பாத்திருப்பீங்க."

மனிதர் சட்டென்று பிரேக் போட்டார். விஷயத்தைக் கேட்டபின் வெயிட்டிங் சார்ஜ் கேட்காமல் எங்களோடு அவரும் இறங்கி வந்துவிட்டார்.

சுவர் கொள்ளை அழகு. ஒரு சேலை முந்தானை வானவில் நிறங்களில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பறக்கிறது. அதன் மடிப்புகளில் மீன்கூடைக்காரி, பட்டமளிப்பு அங்கி போட்ட பெண், ஒரே பைக்கில் இரண்டு ஆண்கள், ஒரே குடைக்குள் இரண்டு பெண்கள். ஞாயிறுதோறும் குழுவினர் வந்து மங்கிய இடங்களுக்கு மறுபடி வண்ணம் பூசுகிறார்கள். அன்றும் மீனு என்ற ஓவியர் ஏணிமேல் நின்றிருந்தாள். இடது கோடியில் ஏழு முகங்கள், ஏழு விளக்குகள். அங்கே ருக்கு அம்மா ஒவ்வொரு விளக்குக்கும் மேலிருந்த ஆணியில் ஒரு முழமாக மல்லிப்பூ மாட்டிக்கொண்டிருந்தார். ஆறு முடிந்திருந்தது. ஏழாவது முழம் கையில்.

"அம்மா" என்றாள் அக்கா.

அவர் திரும்பினார். சுவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். அப்புறம் விழுந்தது ஓர் அறை.

"பாவி! எத்தினி ராத்திரி சோறு எறங்காம கெடந்தேன் தெரியுமாடி?"

"தப்புதாம்மா. இன்னும் ரெண்டு போடு. பேசாம மட்டும் இருந்துடாத."

இரண்டாவது அறைக்கு ஓங்கிய கை அக்காவின் கன்னத்தைத் தடவியது. அந்த ஏழாவது முழத்தை அவள் தலையில் வைத்துவிட்டு, கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். சுற்றியிருந்த குழுத் திருநங்கைகள் உள்ளங்கை அதிரத் தட்டினார்கள். அந்தக் கைத்தட்டலுக்கு ரயிலில் கூச்சத்தோடு தலைகுனிந்திருக்கிறேன். அன்று நானும் தட்டினேன். எனக்கு அத்தனை சந்தோஷம்.

மீனு ஏணியை நகர்த்திப் பொட்டையும் விளக்கையும் அழித்தாள். விளக்கு இருந்த இடம் வெள்ளையாய்க் கிடந்தது.

"அம்மா, இங்க ஒன்ன வரையட்டா?" என்றவள் எங்களிடம் சொன்னாள்: "முன்னாடியே கேட்டோம், அவுங்க வுடல. எம்பொண்ணு விளக்கோட நிக்கிற செவுத்துல நான் சிரிச்சிக்கினு நிக்கணுமான்னு சண்டைக்கு வந்துட்டாங்க."

அம்மா முகத்தைத் துடைத்தார், முந்தானையைச் சரிசெய்தார், பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எம்மூக்கையாவது ஒழுங்கா போடுடி."

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஞாயிறு காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், பத்துக்கு மேல் வெயில் கொளுத்தும். தண்ணீர் கொண்டுபோங்கள், பக்கத்தில் கடை இல்லை. ஆட்களைப் படமெடுக்கும்முன் கேளுங்கள். விளக்குகள் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள், அந்த ஆறு பேரும் நிஜமாகவே திரும்பி வராதவர்கள். அக்கா சித்திரைக்கு டிக்கெட் போட்டுவிட்டாள்.

ருக்கு அம்மாவை அங்கேயே பார்க்கலாம். இப்போதும் ஏழு முழம்தான் வாங்குகிறாராம். ஆறு விளக்குகளுக்கு ஆறு. ஏழாவதைத் தன் தலையில் வைத்துக்கொள்கிறார்.