தங்கை வீட்டு ஆற்றங்கரை மூங்கில்

என் தங்கையைத் திருவட்டாறு பக்கம் ஆற்றங்கரை வீடொன்றில் கட்டிக்கொடுத்தோம். அவள் போன புதிதில் வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே இரண்டு வரிசைத் தென்னை நின்றது. ஒவ்வொரு பெருமழைக்கும் கரை இடிந்து இடிந்து ஒரு வரிசை மொத்தமாக ஆற்றோடு போய்விட்டது. "அண்ணே, அடுத்த வெள்ளத்துல அடுக்களையும் போயிரும் போல இருக்கு" என்று ஆறு வருடம் முன்பு போனில் அழுதாள். மூங்கில் வைக்கச் சொன்னது நான்தான்.

சுசீந்திரத்தில் என் வயலோரக் கால்வாய்க் கரையில் ஒரு முள்மூங்கில் மூடு, பெரிய புதராக, நின்றது. மலையடிவாரத் தோட்டம் ஒன்றிலிருந்து கன்று கொண்டுவந்து நான் வளர்த்தது. அதனால் மூங்கில் விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற மிதப்பு எனக்கு. கேட்காதவர்களையும் நிறுத்திவைத்துச் சொல்வேன். மூட்டின் ஓரத்தில் நிற்கிற ஒரு வருடக் கழியாகப் பார்த்து, இடுப்பளவுக்கு மேலே வெட்டிவிட்டு, கிழங்கோடும் வேரோடும் தோண்டி எடுக்க வேண்டும். கிழங்கிலுள்ள மொட்டு நசுங்கக் கூடாது. வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கும்போது சாணி போட்ட குழியில் நட்டு, வெட்டிய கழியின் பொந்தில் தண்ணீர் ஊற்றிக் களிமண்ணால் அடைக்க வேண்டும்.

என் மூட்டிலிருந்தே தோண்டிக் கொண்டுபோய்த் தங்கை வீட்டில் ஐந்து கன்று வைத்தோம். நான் சொன்னதில் ஒன்றைக்கூட அவள் விடவில்லை. வருடா வருடம் தூரில் மண் அணைத்தாள். முற்றிய கழியை மட்டும் வெட்டினாள். இளங்குருத்தைக் கடித்த மாட்டுக்காகப் பக்கத்து வீட்டாரோடு ஒரு வருடம் பேச்சை விட்டாள். பிறகு இரண்டு வெள்ளம் வந்தது. இரண்டு முறையும் தண்ணீர் மூங்கிலைத் தாண்டிக் கரையைத் தொடவில்லை.

இந்த மாசியில் என் மூங்கில் இலை கொட்டியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்தேன். அடுத்த வாரம் கழி முழுக்க நெற்கதிர் மாதிரி பூ. பூத்த மூங்கில் பிழைக்காது. விதை விட்டதும் மூடு மொத்தமும் காய்ந்துவிடும். வருத்தமாக இருந்தது, ஆனால் பயமில்லை. தங்கை வீட்டு மூங்கிலுக்கு ஆறு வயதுதானே, அங்கிருந்து ஒரு கன்று கொண்டுவந்தால் ஆயிற்று என்றிருந்தேன். இடவப்பாதிக்கு இரண்டு வாரம் இருக்கையில் கம்பிப்பாரையையும் சாக்கையும் பைக்கில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். என் மூடு பூத்ததைத் தங்கையிடம் போனில் சொல்லவில்லை.

ஐந்து மூடும் வைக்கோல் நிறத்தில் நின்றன. ஒரு பச்சை இலை இல்லை. தேங்காய் பறிக்கும் தோட்டிக் கம்பில் அரிவாளைக் கட்டி, எட்டிய பூவையெல்லாம் தங்கை அறுத்துக் குவித்திருந்தாள். கிழங்கோடு பெயர்த்து வேறு மண்ணில் வைத்தால் மூங்கிலுக்கு வயது புதிதாகத் தொடங்குவதில்லை. தாய் மூட்டின் வயதுதான் கன்றுக்கும். அது பூக்கும்போது இதுவும் பூக்கும். ஊரெல்லாம் பாடம் சொன்ன எனக்கு இது அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது.

"எந்த மொகத்த வச்சு உங்ககிட்ட சொல்லுவேன்னுதான் அண்ணே போன்ல சொல்லல்ல" என்றாள் தங்கை. "நான் என்னத்த கொறை வச்சேன்? தெனமும் தண்ணி விட்டேன். நீங்க சொன்ன மாதிரிதானே எல்லாம் செய்தேன்."

"உன் தப்பு ஒண்ணும் இல்ல மக்கா."

அவள் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. உதிர்ந்த விதை முளைக்கும். ஆனால் அந்த நாற்று வளர்ந்து கரையைப் பிடிக்க ஐந்தாறு வருடமாவது வேண்டும். ஆறு அதுவரை காத்துக்கொண்டிருக்காது.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் பின்னால் கூட்டிப் போனாள். கரையோரமாகப் புதிதாக ஐந்து குழிகள். ஒவ்வொன்றிலும் சாணி போட்டிருந்தது. பொந்தை அடைக்கக் களிமண் பிசைந்து, காயாமல் ஈரச்சாக்கால் மூடி வைத்திருந்தாள்.

"பழசு போட்டும் அண்ணே. உங்க மூட்டுலேர்ந்து அஞ்சு கன்னு தாங்க. இந்தத் தடவ ஒரு கொறையும் வராம பாத்துக்கிடுதேன்."

நான் முன்பக்கம் பைக் நின்ற இடத்துக்கு நடந்தேன். பின்னாலேயே வந்த அவள் பைக்கில் இருந்த கம்பிப்பாரையைப் பார்த்துவிட்டு, "இத எதுக்கு அண்ணே சொமந்துட்டு வந்திய? குழியெல்லாம் நானே தோண்டிட்டேனே" என்றாள்.