காதுகுத்துக்கு வந்த அம்பாசடர்

மஞ்சூரில் ஆறுச்சாமி என்ற பேரில் மூன்று பேர் இருக்கிறார்கள். மளிகைக்கடை ஆறுச்சாமி, இலை ஏஜெண்ட் ஆறுச்சாமி, கார் ஆறுச்சாமி. இந்த மூன்றாமவருக்குக் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. தேயிலை ஃபேக்டரியில் இருபத்தாறு வருடமாக ட்ரையர் பார்க்கிற வேலை. வீட்டில் உட்கார்ந்து, ஒரு சாண் நீளம்கூட வராத கார்களைச் செய்வதால் வந்த பட்டம் அது.

அவருடைய அப்பாரு, அதாவது தாத்தா, குப்பண்ணன் காரமடைப் பக்கத்து ஆள். குந்தா அணை கட்டும்போது கல் உடைக்க மலையேறியவர். குப்பண்ணனுக்கு நாலு பையன்கள். மூத்தவருடைய மகன் வேலன். மூன்றாமவர் ராமசாமிக்கு ஆறுச்சாமி ஒருவர், பத்து வருடம் தள்ளிப் பிறந்த சுகந்தி ஒருத்தி. இரண்டாமவர் பிள்ளைகளும் நாலாமவர் பிள்ளைகளும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு இதில் வேலை இல்லை. சுகந்தியைக் காரமடையில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் கணேசனுக்குக் கொடுத்தது. அவர்களுக்கு ஒரே மகள் சுவாதி, ஐந்து வயது. இந்த உறவு மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

ஆறு வருடம் முன்பு ஆறுச்சாமி தன் மனைவி செல்வியோடு குன்னூரில் ஒரு கண்காட்சி பார்க்கப் போனார். பூச்செடிகளுக்கு நடுவே ஒரு மேஜை. அதன்மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்னக் கார். செய்தவர் ஆண்ட்ரூ என்ற ரிட்டயரான பட்டாளத்துக்காரர். செல்வி தோட்டம் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தும் ஆறுச்சாமி அந்த மேஜையை விட்டு நகரவில்லை.

“ஏனுங்க சார், இதுல கதவு தொறக்குமுங்களா?”

“திறக்காது. இந்த அளவுல அதெல்லாம் முடியாதுப்பா,” என்றார் ஆண்ட்ரூ.

முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால் ஆறுச்சாமிக்குச் சோறு இறங்காது. அன்று ஆரம்பித்து ஏழு மாதத்தில், நாலு கதவும் திறக்கிற ஒரு ஃபியட் காரைச் செய்து, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு குன்னூருக்கு பஸ் ஏறினார். ஆண்ட்ரூ அதைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தார். “கீல் எதுல பண்ணினே?” என்று கேட்டார். “சேலைக்குக் குத்தற ஊக்குங்க சார். ஊட்டுக்காரியத கேக்காம எடுத்துட்டேன்.” அன்றைக்கு ஆண்ட்ரூ ஒரு கட்டு மெல்லிய பிளாஸ்டிக் தகடும், மில்லிமீட்டர் அளக்கிற ஒரு கருவியும் கொடுத்து அனுப்பினார்.

அடுத்து அம்பாசடர். டாக்சி ஸ்டாண்டில் ஜினோவின் பழைய அம்பாசடர் நிற்கும். ஜினோ கூடலூர்ப் பக்கத்துப் பையன். ஞாயிறுதோறும் ஆறுச்சாமி டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்த வண்டியை முன்னும் பின்னும் அளப்பார். இருபத்துநாலு அங்குலம் இருந்தால் வீட்டில் ஒரு அங்குலம், அதுதான் கணக்கு.

“சேட்டா, தையல்காரன் மாதிரி அளவு எடுக்கறீங்களே, என் வண்டிக்குச் சட்டை தெச்சுத் தருவீங்களோ?” என்பான் ஜினோ.

“உன் வண்டிக்குச் சட்டை பத்தாது, போர்வைதான் வேணும். ஒதுங்கி நில்லு, நெழல் விழுது.”

தகட்டை வெட்டி ஒட்டி, பட்டி பூசி, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து அந்தத் தொந்தி பானெட்டைக் கொண்டுவரவே எட்டு மாதம். பம்பர் மினுக்கத்துக்குத் தேயிலை சாம்பிள் பாக்கெட்டின் உள்பக்கத்து வெள்ளித்தாள். விளக்குக் கண்ணாடிக்கு மாத்திரை அட்டையின் குமிழ். சீட்டுக்குச் செல்வியின் கிழிந்த மணிபர்ஸ். அதையெல்லாம் செய்துவிடலாம். பெயிண்ட்தான் மஞ்சூரில் ஆளைக் கொல்லும். காற்றில் ஈரம் இருந்தால், அடித்த பெயிண்ட் காய்வதற்குள் வெள்ளையாகப் பூத்துவிடும். ஆறுச்சாமியின் அம்பாசடரோ கறுப்பு. ஆடியில் அடித்தால் அது சாம்பல் பூசின பாத்திரம் போல ஆகும்.

ஃபேக்டரியில் ட்ரையர் பக்கம் எந்நேரமும் சூடுதானே, அங்கே காயவைத்தால் என்ன என்று கேட்பார்கள். அந்தப் புத்தி அவருக்கும் ஒருமுறை போனது. முதல் வருடம், பெயிண்ட் அடித்த கூரையை மட்டும் ட்ரையருக்குப் பின்னால் ஒரு திட்டில் பத்து நிமிடம் வைத்தார். தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் அந்தக் கட்டடத்துக்குள் பெண்கள் மல்லிகை வைத்துக்கொண்டு வரமாட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் அங்கே வேலை பார்த்த மனுஷர் அன்று அதை மறந்துபோனார். இறங்கிய தூளை மோந்து பார்த்தால் தின்னர் வாசம். யாரும் கண்டுபிடிக்கும் முன்னே அவரே தயாரிப்பை மேற்பார்க்கிற டீ மேக்கரிடம் போய், “நான்தானுங்க,” என்று சொன்னார். அந்த லாட்டுத் தூள் மொத்தமும் குப்பைக்குழிக்குப் போனது. அவரை மூன்று நாள் வீட்டில் உட்கார வைத்தார்கள்.

அப்புறம் ஒரே வழிதான். உறைபனிக் காலம். தை பிறந்தால் விடியற்காலையில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும். பதினொரு மணிக்கு வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆகி, காற்று காய்ந்துவிடும். பதினொன்றிலிருந்து இரண்டு வரை. அந்த மூன்று மணி நேரம் ஷிஃப்ட் இல்லாமல், மேகமும் இல்லாமல் அமைய வேண்டும். அப்படி மூன்று பனிக்காலத்தில் அமைந்தது மொத்தம் பத்தொன்பது நாள். பத்தொன்பது பூச்சு. கடைசிப் பூச்சைத் தேய்த்து மெருகு ஏற்றிய அன்று, குனிந்து பார்த்தால் கூரையில் தன் மீசை தெரிந்தது அவருக்கு.

“கோயில் தேருக்கே ஒரு வருசந்தானுங்க ஆகும்,” என்றாள் செல்வி. ஆனாலும் அவளும் குனிந்து தன் மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டாள்.

இதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கணேசன் காரமடையில் புது வீடு கட்டிக் குடிபோன அன்று, ஆறுச்சாமி அந்த ஃபியட் காரைக் காட்டுவதற்காகக் கொண்டுபோயிருந்தார். அவர் பந்தியில் உட்கார்ந்திருந்த நேரத்தில், அழுதுகொண்டிருந்த தன் அக்காள் பேரனிடம் கணேசன் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். பாயசம் வருவதற்குள் இரண்டு கதவும் ஒரு சக்கரமும் தனித்தனியாக வந்தன. “பொம்மைதானுங்க மச்சான். வேற வாங்கித் தர்றேன்,” என்றார் கணேசன். ஆறுச்சாமி துண்டுகளைக் கர்ச்சீப்பில் முடிந்துகொண்டு வந்தார். பேசாமல் வந்ததுதான் தப்பு என்று வெகுநாள் தன்னையே திட்டிக்கொண்டார்.

இந்தத் தையில் சுவாதிக்குக் காதுகுத்து வைத்து, அழைப்பதற்கு மூன்று பேரும் மஞ்சூருக்கு வந்தார்கள். குழந்தை நேரே டிவி மேல் அம்பாசடர் இருந்த கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது.

“பாரு கண்ணு, மாமன் உனக்குத்தான் செஞ்சு வெச்சிருக்காரு. சீர்த்தட்டுல வந்துரும்,” என்றார் கணேசன்.

“அப்படிச் சொல்லாதீங்க மாப்பிள்ள. தோடு எடுத்தாச்சு, பட்டுப்பாவாடை எடுத்தாச்சு. பதினோரு தட்டு வருது. காரு வராது.”

“பொம்மைதானுங்க.”

“போன தடவையும் அதேதான் சொன்னீங்க.”

“அஞ்சு வயசுப் புள்ள ஆசப்படுது. நாப்பத்தேழு வயசு ஆளு தரமாட்டேங்கறீங்க. வெளிய சொன்னாச் சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டுமுங்க. சிரிப்புக்கு யாரும் வரி போடறதில்லயே.”

சுகந்தி நடுவில் வெற்றிலைத் தட்டோடு நின்றாள். இரண்டு நாள் கழித்துக் கணேசன் போன் செய்தார். பேச்சில் சுற்றி வளைப்பு இல்லை. “காரோட வர்றதுன்னா வாங்க மச்சான். காரு இல்லீன்னா நீங்களும் வேண்டாம். வேலன் மடி இருக்குது. அவனும் எம்பொண்டாட்டிக்கு அண்ணன்தான்.”

காதுகுத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். கூடப் பிறந்தவன் உயிரோடிருக்க, பெரியப்பன் மகன் மடியில் பிள்ளையை வைத்தால், இவன் இந்த வீட்டுக்கு இல்லை என்று சாதிசனம் அத்தனைக்கும் சொன்ன மாதிரி. பிறகு பெரியவளாகும்போது வைக்கிற சீர், கல்யாணத்தில் மாமன் வேலை, எல்லாம் அந்த மடிக்கே போய்விடும். சுகந்திக்குத் தாய்வீடு என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும். செல்விக்கு அது தெரியும்.

“குடுத்துத் தொலைங்களே. இன்னொண்ணு செய்யக் கையி இருக்குதல்ல.”

“கையி இருக்குது. மனசு இல்ல, செல்வி. இல்லாத மனச இருக்கற மாதிரி காட்டிக் குடுக்கறதுக்கு எனக்குத் தெரியாது.”

“அப்ப போகாம இருந்தர்றீங்களா?”

“யாரு சொன்னா?”

காதுகுத்தன்று விடியற்காலை பஸ்ஸில் கெத்தை மலைப்பாதை வழியாக இறங்கினார்கள். செல்வியும் அவள் தங்கைகள் இருவரும் தட்டுகளைப் பார்த்துக்கொண்டார்கள். ஆறுச்சாமி ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் உடம்பைச் சாய்த்தாரே தவிரப் பெட்டியைச் சாயவிடவில்லை.

“அண்ணா, அந்தக் காருக்கு டிக்கெட்டு?” என்றார் கண்டக்டர்.

“மடியில இருந்தாக் கைக்கொழந்தக் கணக்குங்க.”

காரமடையில் கோயில் முன்னால் பந்தல். நாதஸ்வரக்காரர் தயார். தட்டு வரிசைக்கு முன்னால் பெட்டியோடு நடந்து வந்த ஆறுச்சாமியைப் பார்த்ததும் கணேசனுக்கு முகம் மலர்ந்துபோனது. “வாங்க மச்சான், வாங்க. எங்க மச்சான் மனசு தங்கமுன்னு சொன்னேனல்ல?” என்று சுற்றி நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டே பெட்டியை வாங்கக் கை நீட்டினார்.

ஆறுச்சாமி கொடுக்கவில்லை. “தட்டு பதினொண்ணும் பின்னால வருதுங்க மாப்பிள்ள. அத வாங்கிக்குங்க.”

“அப்ப இது?”

“இது எங்கூட வந்தது. காரோட வந்தா வான்னீங்க. வந்துட்டேன். தர்றேன்னு நான் சொல்லவே இல்லியே.”

பந்தலில் யாரோ ஒரு கிழவர் மட்டும் களுக்கென்று சிரித்தார். கணேசன் முகம் கறுத்து, பந்தலின் நடுவே கை காட்டினார். அங்கே பலகையில் வேலன் புது வேட்டி கட்டி, மாலையோடு உட்கார்ந்திருந்தான்.

“அப்ப மடிக்கு ஆளு வந்தாச்சுங்க. நீங்க உங்க பொம்மையப் புடிச்சுட்டு அக்கட்டால உக்காருங்க.”

ஆறுச்சாமி பலகைக்கு முன்னால் போய் நின்றார். “வேலா, எந்திரி.”

“அண்ணா, நானா வந்து உக்காரலீங்க. காத்தாலயே மால போட்டு உக்கார வெச்சுட்டாங்க. காலு ரெண்டும் மரத்துப்போச்சு.”

“அதான் சொல்றேன். எந்திரி.”

வேலன் கணேசனைப் பார்த்தான், ஆறுச்சாமியைப் பார்த்தான், மாலையைக் கழற்றி ஆறுச்சாமி கையில் கொடுத்துவிட்டுக் காலை உதறிக்கொண்டே எழுந்துபோனான். ஆறுச்சாமி உட்கார்ந்தார். பெட்டியை வலதுகைப் பக்கம், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தார்.

“காரா, மடியா? ஒண்ணச் சொல்லுங்க,” என்றார் கணேசன்.

“ரெண்டும் என்னுதுங்க.”

ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, “இன்னும் எட்டு நிமிசந்தான் நல்ல நேரம்,” என்றார். அதுவரை தூணோரம் நின்ற சுகந்தி, புருஷனைப் பார்க்காமலே குழந்தையைத் தூக்கி வந்து அண்ணன் மடியில் வைத்தாள். “குத்துங்க ஆசாரி,” என்றாள்.

சுவாதி பெட்டியைப் பார்த்தாள். “மாமா, எங் காரு.”

இந்த இடத்தில் யாராக இருந்தாலும் அப்புறம் தர்றேன் சாமி என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார்கள். ஆறுச்சாமிக்கும் நாக்கு வரை வந்தது. சொந்தக்காரர் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இது உனக்கில்ல கண்ணு.”

“பின்ன யாருக்கு?”

“எனக்கு.”

இப்போது நிஜமாகவே சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறுச்சாமி தலையைக் குனியவில்லை. சிரித்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, குழந்தையிடம் மறுபடியும் சொன்னார். “மாமன் மூணு வருசமா செஞ்சது. மாமனுக்கு வேணும். உனக்குத் தோடு, எனக்குக் காரு.”

குழந்தை யோசித்தது. “நீங்க பெரியவங்கல்ல?”

“பெரியவந்தான். பெரியவனுக்கும் ஆச இருக்கும் சாமி.”

அது பதில் சொல்வதற்குள் ஆசாரி குத்திவிட்டார். அப்புறம் காருக்கு எங்கே நேரம்? ஊரையே எழுப்புகிற அழுகை. ஆறுச்சாமி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது காதும் ஆனபோது அவருடைய புதுச்சட்டை கண்ணீரும் சளியுமாக நனைந்திருந்தது.

பந்தியில் பெட்டி அவர் பக்கத்துப் பாயில் இருந்தது. சிரித்தவர்கள்தான் முதலில் வந்து குனிந்தார்கள். சீட்டுக்குத் தையல்கூட இருக்கிறதே என்றார்கள். யாரும் தொடவில்லை, தொட விட மாட்டார் என்பது தெரிந்துவிட்டது. கணேசன் மட்டும் கிட்டே வரவில்லை. புறப்படும்போது பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர், “சபையில எம்மானத்த வாங்கிட்டீங்க மச்சான். இனிமே எந்த மூஞ்சிய வெச்சுட்டு எங்கூட்டுக்கு வருவீங்க?” என்றார்.

“இதே மூஞ்சிதானுங்க. புள்ள பெரியவளானா மாமன் சீரு வெக்கோணுமல்ல? அதுக்குள்ள ஒரு லாரி செஞ்சு முடிச்சிருவேன். அதையும் கொண்டாந்து காட்டிட்டு, திருப்பி எடுத்துட்டுப் போறேன்,” என்றார் ஆறுச்சாமி. பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மலை பஸ் நிற்கிற பக்கம் நடந்தார்.