ஆலங்காயம் முதல் ஜமுனாமரத்தூர் வரை: பேசிக்கொண்டே ஏறிய மலை

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் நெடுந்தூர டிரையத்லானுக்கு நாற்பத்தொரு வயதில் பேர் கொடுத்தவள் நான். புதிதாகத் தொடங்குபவர்கள் செய்கிற தவறையே செய்தேன். தினமும் முழு வேகம். மூன்றாம் மாதம் இதே ஜவ்வாது மலை ஏற்றத்தில் மயங்கி விழுந்தேன்.

பயிற்சியாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதே மலையைச் சைக்கிளில் மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே ஏறி, மேலே அரை மணி நேரம் ஓட வேண்டும். முடியாவிட்டால் குறுந்தூரப் போட்டிதான். அதற்காகத்தான் போன மாதம் ஒரு ஞாயிறு இந்தப் பயணம். பேச்சுத் துணைக்கு என் கணவர் சேகர் ஸ்கூட்டரில் வந்தார். பேச அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேலூரிலிருந்து முந்தின நாளே வந்து ஆலங்காயத்தில் தங்கினோம். காலை 5.50க்குப் புறப்பட்டோம். ஜமுனாமரத்தூர் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். காவலூர் வரைதான் ஏற்றம் கடுமை. மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் நான் மிதிக்க, சேகர் பக்கத்திலேயே வந்தார். பஸ் வந்தால் மட்டும் பின்னால் ஒதுங்கிக்கொள்வார்.

மூன்றாவது வளைவில் நாலைந்து இளைஞர்கள் சைக்கிளில் எங்களைக் கடந்தார்கள். "குட்மார்னிங் ஆன்டி!" என்றான் ஒருவன். அந்த ஆன்டி போதும் எனக்கு. எழுந்து நின்று மிதித்தேன். சேகர் ஏதோ கேட்டார், "ம்" என்றேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் "ம்." மூன்றாவது தடவையும் அதே "ம்." கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஸ்கூட்டர் சத்தமே இல்லை என்று உறைத்தது.

இரண்டு வளைவு கீழே இறங்கிப் போனேன். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாங்க, பெட்ரோல் தீந்துடுச்சா?"

"பெட்ரோல்லாம் இருக்குது. மூணு தபா ஒண்ணு கேட்டேன், 'ம்', 'ம்'னுக்கினே போற. அன்னிக்கி நீ மயங்கி வுழுந்தப்ப போன்லயும் இப்டிதான் 'ம்'னு சொன்ன. அப்பால வேற யாரோ எடுத்துப் பேசுனாங்க. அந்த பயம்தான், வண்டிய நிறுத்திட்டேன்."

பதினெட்டு வருஷத்தில் அவர் பயந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். விழுந்தது நான்தான், ஆனால் வலியை இத்தனை நாளும் சுமந்தவர் அவர்.

"போட்டிய வுட்டுடட்டுமா?"

"யாரு வுடச் சொன்னா? பேசிக்கினு ஏறு."

பதறாத காரியம் சிதறாது என்று மெதுவாக ஏறினோம். 7.40க்குக் காவலூரில் டீ, இரண்டும் சேர்த்து 24 ரூபாய். "அவரு வண்டில வர்றாரு, உன்ன மெதிக்க வுட்டுட்டாரேக்கா!" என்றார் டீக்கடைப் பெண். "நான் வாயால மெதிச்சிக்கினு வர்றேங்க" என்றார் சேகர்.

9.25க்கு ஜமுனாமரத்தூர். அரை மணி நேரம் ஓடினேன். முடிக்கும்போது காலில் இன்னும் கொஞ்சம் பலம் மிச்சமிருந்தது, கண்ணில்தான் தண்ணீர். பயிற்சியாளருக்குச் செய்தி அனுப்பினேன், பதிலாக ஒரே வரி: "நெடுந்தூரமே ஓடுங்க." மதியம் சாமைச் சோறு சாப்பிட்டோம், ஆளுக்கு 80 ரூபாய்.

போகிறவர்களுக்கு: ஆறு மணிக்கு முன் கிளம்பிவிடுங்கள். இரண்டு பாட்டில் தண்ணீர் வேண்டும். இறங்கும்முன் பிரேக்கைப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் மூச்சு வாங்க மிதித்தால் போதும். மற்ற நாளெல்லாம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் உங்கள் வேகம்.

திரும்பும்போது, அந்த மூன்று தடவையும் என்ன கேட்டீர்கள் என்றேன்.

"நானும் நீச்சல் கத்துக்கட்டுமான்னு கேட்டேன். நீ தண்ணில எறங்கறப்ப கரைல சும்மா நிக்க முடில."

மூன்று முறை சரி சொன்னவள் எப்படி மறுப்பது? இப்போது நாற்பத்தாறு வயதில், நீச்சல் குளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் உதைத்துப் பழகுகிறார். தண்ணீருக்குள் போனாலாவது பேச்சு நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை.